நாணயமே முதல்: பேராக்கில் செட்டிநாட்டு இளைஞர்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் எண்ணிக் கொடுக்கும் காசுக்கும் அது பெயர். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மைக்கும் அதுவே பெயர். காசு மிகுந்தவன் என்பதற்காக ஒருவனை நாணயக்காரன் என்று எவரும் கூறுவதில்லை. வாங்கியதைத் தவணை தவறாமல் திருப்புபவனையே அவ்வாறு கூறுவர். இவ்விரு பொருளையும் ஒருங்கே வாழ்ந்து காட்டிய வரலாறு ஒன்று பேராக் மண்ணில் உண்டு. தனக்கெனப் பெருஞ்செல்வம் ஏதுமில்லாத இளைஞன் ஒருவன், தன் இருபதுகளிலேயே பிறருடைய பல்லாயிரம் வெள்ளியைக் கையாளும் பொறுப்பைப் பெற்றான். கடல் கடந்து வந்த அவனிடம் இருந்த முதல் இரண்டே: ஒன்று கணக்கிற் கூர்மை, மற்றொன்று ஊரில் நற்பெயர். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குலத்து இளைஞர்களின் வரலாறே அது.

அவ்வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் கூறிவிடுதல் எளிது. பழியாக மட்டும் கூறிவிடுதலும் எளிது. ஓர் இளைஞனின் அறிவும் நற்பெயரும் அவனை எவ்வளவு தூரம் உயர்த்தின, அந்நற்பெயர் எந்த மன்றத்தில் தீர்மானிக்கப்பட்டது என்னும் இரண்டையும் சேர்த்து நோக்குமிடத்துத்தான் அவ்வரலாறு மாணவர்க்குப் பாடமாகும்.

ஈயமும் பால்மரமும்

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேயர் ஆட்சி காலூன்றியது. லாருட் ஈயவயல்கள் தைப்பிங் நகரை உருவாக்கின. 1885இல் தைப்பிங்கையும் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்து, மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதே பத்தாண்டில் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் சீனத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் ஈர்க்க, ஆற்றங்கரைச் சிற்றூராக இருந்த ஈப்போ விரைந்து வளர்ந்தது. இதற்கிடையில் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் வேறொரு காலத்தின் விதைகளாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது பேராக்கின் காடுகள் தோட்டங்களாக மாறின.

ஈயத்திற்கும் ரப்பருக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டும் முதலில் பணத்தை விழுங்கிப் பின்னரே பணத்தைக் கக்குபவை. ஈயம் தோண்டுபவன் மண்ணைக் கிளறிக் கனியைக் காணும்வரை தொழிலாளிக்குச் சோறு போட வேண்டும். ரப்பர் நட்டவனோ ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே முதற்பாலைக் காண்பான். பெரிய ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு இலண்டனில் பங்குப் பணம் திரட்டும் வசதி இருந்தது. சிறு சுரங்கம் நடத்திய சீனருக்கும், சில ஏக்கர் நட்ட மலாய்க் குடியானவருக்கும், தோட்டத்திற்கு ஆள் சேர்த்த கங்காணிக்கும், குத்தகைக்காரருக்கும் அவ்வசதி இல்லை. ஐரோப்பிய வங்கிகளின் வாயிற்படி அவர்களுக்கு உயரமாக இருந்தது.

அந்த இடைவெளியில் வந்து அமர்ந்தவர்களே செட்டிமார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் தொழில் தொடங்கிவிட்டனர். பினாங்கு அருவிச் சாலையில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1857ஆம் ஆண்டினது. அங்கிருந்து ஈயமும் இருப்புப்பாதையும் சென்ற வழியே அவர்களும் பேராக்கிற்குள் வந்தனர். ஐரோப்பிய வங்கிகள், முன்னணிச் செட்டியார் கடைகளின் கையொப்பத்தை நம்பி அவர்களுக்குக் கடன் கொடுத்தன. அவர்கள் அப்பணத்தோடு தம் பணத்தையும் சேர்த்துச் சிறியவர்களுக்குக் கொடுத்தனர். கையொப்பத்தின் மேலிருந்த நம்பிக்கையே அந்தப் பெருந்தொழிலின் அச்சாணி ஆயிற்று.

எண்சுவடியும் பெட்டியடியும்

காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களில் பிறந்த ஆண்பிள்ளையின் பயிற்சி திண்ணைப் பள்ளியில் தொடங்கியது. எண்சுவடியே அவனுக்கு முதல் நூல். ஒன்றுக்கு மேற்பட்ட எண்களின் வாய்பாட்டோடு, ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட எண்களின் வாய்பாட்டையும் அவன் மனப்பாடம் செய்தான். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. இன்றைய மாணவர் எழுதுகோல் கொண்டு போடும் பின்னக் கணக்குகளை அச்சிறுவன் ஓசையாகவே நெஞ்சில் ஏற்றினான்.

இக்கூர்மைக்குப் பயன் இல்லாமல் இல்லை. முந்நூற்றைம்பது வெள்ளிக் கடனுக்கு, நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டியாக நாற்பத்தேழு நாளைக்கு என்ன ஆகும் என்று கடனாளி வாசலில் நின்று கேட்டால், முப்பது நாள் மாதக் கணக்கில் எட்டு வெள்ளி இருபத்திரண்டரைக் காசு என்று மூச்சு விடும் நேரத்தில் விடை வரவேண்டும். தயங்கினால் கேட்பவனுக்கு ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்தால் கடையின் பெயர் குறையும். ஆகவே கணக்கிற் கூர்மை என்பது திறமையாக இருந்ததோடு நேர்மையின் சான்றாகவும் இருந்தது.

பதின்ம வயதில் அவன் கடைக்கு அனுப்பப்பட்டான். தொடக்கத்தில் அவன் 'பெட்டியடிப் பையன்'. பணப்பெட்டிக்கு அருகில் அமர்ந்து ஏவல் செய்வதும், கடிதம் படியெடுப்பதும், சிட்டையில் அன்றாட வரவு செலவு எழுதுவதும் அவன் வேலை. பெட்டியின் அருகில் இருந்தும் பெட்டியில் கை வைக்காதவன் என்பது நிலைநாட்டப்பட்ட பின் அவன் 'அடுத்தாள்' ஆவான்; பேரேடு அவன் கைக்கு வரும். அதற்கும் பின்னரே கடையின் முழுப்பொறுப்பையும் ஏற்கும் 'மேலாள்' ஆவான். மேலாளை ஏஜெண்டு என்றும் அழைத்தனர். ஒவ்வொரு படியிலும் அவனை உயர்த்தியது முந்திய படியில் அவன் ஈட்டிய பெயரே. செல்வர் வீட்டுப் பிள்ளையும் பிறர் கடையில் இவ்வாறு பயிற்சி பெற்ற பின்னரே தன் தந்தையின் கடைக்குத் தகுதி பெறுவான் என்பது அக்குலத்தார் போற்றிய மரபு.

மூன்றாண்டுத் தவணை

கடல் கடந்து தொழிலுக்குச் செல்வதை அவர்கள் 'கொண்டுவிற்கப் போதல்' என்றனர். மேலாளாக அனுப்பப்படும் இளைஞனுக்குச் சம்பளச்சீட்டு ஒன்று எழுதப்படும். பொதுவாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே தரப்படும். ஆதாயம் மிகுந்தால் அதற்கேற்ற வெகுமதியும் உண்டு. முதலாளி ஊரிலேயே இருப்பார். அவர் சார்பில் கடன் கொடுக்கவும், வசூலிக்கவும், வழக்குத் தொடுக்கவும், கையொப்பமிடவும் அதிகாரம் அளிக்கும் பவர் பத்திரம் ஒன்றே இளைஞனிடம் இருக்கும். தன் பெயரில் தனித்தொழில் செய்தல் ஆகாது என்பது கட்டுப்பாடு.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து இரயிலில் தைப்பிங்கிற்கோ ஈப்போவிற்கோ வந்து சேர்வான். மனைவியை உடன் அழைத்து வரும் வழக்கம் இல்லை. மூன்றாண்டுத் தனிமையை ஊரில் ஆச்சிமார் எவ்வாறு கழித்தனர் என்பதைப் பேரேடுகள் கூறவில்லை. அவ்வளர்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலை எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை.

அவன் வந்து தங்கிய இடம் 'கிட்டங்கி'. நீண்ட கடைவீடு ஒன்றில், இருபுறமும் வரிசையாகச் சிறு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பெட்டிக்குப் பின்னே பாயில் சம்மணமிட்டு அமர்ந்த மேலாள். இரவில் அதே இடமே படுக்கை. சமையல் பொதுவில் நடக்கும். அவன் நடத்திய கடைக்குப் பெயராக இருந்தது முதலாளி குடும்பத்தின் முதலெழுத்துகளின் தொடர். அதனை 'விலாசம்' என்பர். இன்று விலாசம் என்றால் முகவரி என்று பொருள் கொள்கிறோம். அன்று அது ஒரு குடும்பம் பல தலைமுறையாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையின் சுருக்கெழுத்து. அவ்விலாசத்தின் கீழ் இருபத்தைந்து வயது இளைஞன் இட்ட கையொப்பம், உண்டியலாகக் கடல் கடந்து சென்று, அவனைக் கண்டிராத ஊரில் பணமாக மாறியது.

இத்தனை அதிகாரமும் இவ்வளவு தொலைவும் இருந்தும் ஏமாற்று அரிதாக இருந்தது ஏன் என்னும் வினா எழுகிறது. முதற்காரணம், கிட்டங்கியில் மறைவிடம் இல்லை. ஒருவன் எவரிடம் பேசினான், எவருக்குக் கொடுத்தான், எங்கே சென்றான் என்பது அடுத்த பெட்டிக்குத் தெரியும். இரண்டாவது காரணம், மூன்றாண்டு முடிவில் புதிய மேலாள் வந்து கணக்கை ஏற்கும்போது ஒவ்வொரு கடனும் ஆராயப்படும். வாராக்கடனுக்குக் காரணம் கூறவேண்டும். மூன்றாவது காரணமே மிக வலியது. அவன் ஊர் திரும்புமுன் அவன் பெயர் ஊர் திரும்பிவிடும். அடுத்த சம்பளச்சீட்டும், உடன்பிறந்தாரின் வேலையும், பிள்ளைகளின் திருமணமும் அப்பெயரையே சார்ந்திருந்தன. ஒன்பது நகரக் கோயில்களுக்குள் அடங்கிய அச்சிறு சமூகத்தில் கெட்ட பெயருக்கு ஒதுங்க வேறிடம் இல்லை.

அதனால் அவர்களுடைய நேர்மை அச்சத்தால் விளைந்தது மட்டுமே என்று கூறுதல் பொருந்தாது. அச்சம் ஒருவனைத் திருடாமல் தடுக்கலாம். பிறர் காசைத் தன் காசினும் கவனமாகக் காக்கும்படி செய்யாது. இளைஞர் பலர் அவ்வாறு காத்தனர். கோயிலுக்குரிய மகமையை ஒழுங்காகச் செலுத்தினர். மாதந்தோறும் கூடி வகுத்த நடப்பு வட்டிக்குக் கட்டுப்பட்டனர். தம்முள் எழுந்த வழக்குகளை மூத்தவர் முன்னிலையில் தீர்த்துக் கொண்டனர்.

கடன் கேட்டு வருபவனை எடைபோடுவதில் அவ்விளைஞனின் நுண்ணறிவு விளங்கியது. நிலப்பட்டாவைப் பார்த்தால் போதாது. நிலத்தையும் பார்க்க வேண்டும். பால்மரம் நட்டு எத்தனை ஆண்டு, வெட்டுப்பட்டை மீதம் எவ்வளவு, சுரங்கத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். மலாய்மொழியில் பேரம் பேசவும், சீனக் கடைக்காரரின் குறிப்பை உணரவும் கற்றான். சிலருக்குப் பட்டா இல்லாவிடினும் புரோநோட்டின் பேரில் கொடுத்தான். அவர்களுடைய சொல்லே ஈடு. கடன் கேட்பவனிடமும் கொடுப்பவனிடமும் தேவைப்பட்ட பண்பு ஒன்றே என்பதை இங்குக் காணலாம்.

இவ்வாறு இளைஞர் கையில் இயங்கிய முதல் சிறியதன்று. 1930ஆம் ஆண்டை ஒட்டிய சென்னை, பர்மா மாகாண வங்கி விசாரணைகளின் மதிப்பீட்டில், செட்டிமார்கள் பர்மாவில் ஏறத்தாழ 75 கோடி ரூபாயும் மலாயாவில் ஏறத்தாழ 25 கோடி ரூபாயும் முதலீடு செய்திருந்தனர். அச்செல்வத்தின் ஒரு பகுதி அறமாகவும் மலர்ந்தது. 1929இல் சிதம்பரத்தில் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதற்குத் தலைசிறந்த சான்று. அப்பல்கலைக்கழகத்தைப் பற்றி இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

மற்றொரு மன்றம்

வாணிகத்திற்கெனத் தனி அதிகாரம் வகுக்காத வள்ளுவர், வணிகர்க்குரிய அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். தன் பொருளுக்கும் பிறர் பொருளுக்கும் ஒரே துலாக்கோல் வேண்டும் என்பது அதன் கருத்து. செட்டிநாட்டு இளைஞன் தன் முதலாளியின் பொருளைத் தன் பொருள்போல் காத்தான் என்பதில் ஐயமில்லை. கடனாளியின் பொருளுக்கும் அதே துலாக்கோல் பயன்பட்டதா?

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இவ்வினாவைப் பேராக்கின் வாசலுக்குக் கொண்டு வந்தது. 1925இல் இராத்தல் ஒரு வெள்ளிக்கும் மேலாக விற்ற ரப்பர், 1932இல் பத்துக் காசுக்கும் கீழே வீழ்ந்தது. ஈய விலையும் சரிந்தது. தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிறுதோட்டக்காரன் மரத்தை வெட்டினாலும் அரிசிக்குக்கூடப் போதவில்லை. வட்டிக்கு எங்கே போவான்? ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு மாறத் தொடங்கின. 1931இல் கூட்டு மலாய் மாநிலங்களில் சிறுதோட்டங்களின் ஏலவிற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1913இல் இயற்றப்பட்டிருந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933இல் மேலும் இறுக்கப்பட்டு, அந்நிலங்களை மலாய்க்காரர் அல்லாதாரிடம் ஈடு வைப்பதும் தடுக்கப்பட்டது. பர்மாவில் நிலைமை இன்னும் கடுமை. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால்பங்கு 1930களின் இறுதிக்குள் செட்டிமார் உடைமையாயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே. ஆயினும் நிலத்தை இழந்தவனுக்கு அவ்வேறுபாடு ஆறுதல் தரவில்லை.

அந்நாளின் இளம் மேலாளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் பொய்க்கணக்கு எழுதவில்லை. பத்திரத்தில் கண்டபடியே கேட்டான். சட்டம் கொடுத்த உரிமைக்கு மேல் ஒரு சாண் நிலமும் கொள்ளாதிருந்திருக்கலாம். முதலாளியின் பணம் மூழ்காமல் காத்ததற்காகக் கிட்டங்கியில் அவன் பெயர் உயர்ந்தது. அதே நாளில், அதே செயலுக்காக, கம்பத்தில் அவன் பெயர் தாழ்ந்தது. ஒரே மனிதனுக்கு இரு மன்றங்களில் இரு பெயர். முதல் மன்றத்தில் அவனுக்கு வாக்களித்தவர் அனைவரும் கடன் கொடுப்பவர். இரண்டாம் மன்றத்தில் நின்றவர் அனைவரும் கடன் பட்டவர். இரண்டாம் மன்றத்தின் தீர்ப்பு அவன் சம்பளச்சீட்டைத் தொடவில்லை. அதனால் அவன் அதனைக் கருதவும் தேவையிருக்கவில்லை. குறை அவ்விளைஞனின் ஒழுக்கத்தில் இல்லை. நற்பெயரை அளந்த கோலே பாதி நீளமுடையதாக இருந்தது.

நம்பிக்கையின்மேல் நின்ற தொழிலுக்கு அடுத்த அடி போரினால் விழுந்தது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. வாழைமரப் படம் பொறித்த ஜப்பானியத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்தது. போருக்கு முன் பட்ட கடனைக் கடனாளிகள் பலர் அத்தாளைக் கொண்டு அடைத்தனர். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அத்தாள்கள் வெறும் காகிதமாயின. காசு என்னும் நாணயம் செல்லாமற் போன அந்நாளில், வாக்கு என்னும் நாணயம் எவரிடம் எஞ்சியிருந்தது என்பதை இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்த்து அறிந்தனர். 1951இல் வந்த கடன் கொடுப்போர் சட்டம் உரிமம், கணக்கு, வட்டி ஆகியவற்றுக்கு வரம்பு விதித்தது. இளைஞர் புதிதாகக் கொண்டுவிற்க வருவது குறைந்தது. கிட்டங்கிகளின் பெட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சுங்கை சிப்புட்டில் ஒரு மறுமொழி

இரண்டாம் மன்றத்தின் தீர்ப்பையே முதலாகக் கொண்டு எழுந்த முயற்சி ஒன்றும் இதே பேராக்கில் தோன்றியது. ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் செல்லும் வழியில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் சுங்கை சிப்புட். 1896இல் மலாயாவுக்கு வந்து உழைத்துத் தோட்ட உரிமையாளராக உயர்ந்த வீராசாமியின் மகனாக, 1919இல் அங்குப் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். கோலகங்சார் கிளிப்பர்டு பள்ளியில் கற்றபின், அவர் உயர்கல்வி பெற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். பெட்டியடிப் பையன்களின் நாணயம் திரட்டிய செல்வத்தில் எழுந்த கலைக்கூடம், தோட்டத்து மண்ணிலிருந்து வந்த இளைஞரைப் பயிற்றுவித்தது என்பது வரலாற்றின் இனிய இணைப்பாகும்.

அவர் வறிய குடியிற் பிறந்தவர் அல்லர். ஆயினும் தந்தையின் நிலம் அவருக்குப் பெயர் ஈட்டித் தரவில்லை. தோட்டத்து மக்கள் கண்முன் அவர் செய்த பணியே அதனை ஈட்டியது. 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை அவர் முயற்சியால் எழுந்தது. திருமதி விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். மறு ஆண்டு, முப்பத்தாறாம் வயதில், அவர் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே 1955இல் தொழில் அமைச்சரும் ஆனார்.

அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரைப் பெருந்துயர் ஒன்று சூழ்ந்தது. நாட்டின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சிய ஐரோப்பியக் கம்பெனிகள் பல, தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். மரம் கைமாறியதும் பால் வெட்டியவனுக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பேராசிரியர் உங்கு அசிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு இத்துண்டாடலின் கேட்டை விரிவாக எடுத்துக் காட்டியது.

இதற்கு மறுமொழியாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. துன் சம்பந்தனும், அவருடன் தோளோடு தோள் நின்ற கே. ஆர். சோமசுந்தரம் முதலியோரும் தோட்டந்தோறும் சென்றனர். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தால் விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கலாம் என்று எடுத்துரைத்தனர். பால் வெட்டுபவரின் நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலம் அது. பத்து வெள்ளி என்பது பல விடியற்காலைகளின் உழைப்பு. அதனை அவர்கள் எந்த ஈடும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தனர். அவர்கள் கையில் கிடைத்தது ஒரு பற்றுச்சீட்டும் ஒரு மனிதரின் பெயரும். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் கூட்டுறவின் உடைமையாயின.

இந்நிகழ்ச்சியைக் கிட்டங்கி வரலாற்றோடு அருகருகே வைத்துப் பார்த்தால் மாற்றம் தெளிவாகும். கிட்டங்கியில் செல்வர் ஒருவர் ஏழை இளைஞனின் நாணயத்தை எடைபோட்டார். அவ்விளைஞன் தன்னினும் ஏழையான கடனாளியின் நாணயத்தை எடைபோட்டான். தோட்டத்திலோ துலாக்கோல் பால் வெட்டுபவரின் கையில் இருந்தது. ஏட்டுக்கல்வி இல்லாத அவ்வுழைப்பாளி, அமைச்சராக இருந்த ஒருவரின் நாணயத்தை எடைபோட்டு, பத்து வெள்ளிக்குத் தகும் என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பைப் பெறுவது செட்டிநாட்டுச் சம்பளச்சீட்டைப் பெறுவதினும் அரிது. ஏனெனில் இழந்தால் மீண்டும் சேர்க்க முடியாத பணம் அது.

மாணவர்க்கு எஞ்சும் பாடம்

ஈப்போ கிட்டங்கிகளின் காலம் சென்றுவிட்டது. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. தோட்டத்துப் பிள்ளைகள் நகரத்திற்கு வந்துவிட்டனர். அவர்களுள் பெரும்பாலாரிடம் தந்தை வைத்த நிலமும் இல்லை, முதலும் இல்லை. அறிவையும் நற்பெயரையும் மட்டுமே கொண்டு வாழ்வைத் தொடங்கும் நிலையில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அவ்விளைஞனுக்கு அவர்கள் நெருங்கிய உறவினரே ஆவர்.

அவனிடமிருந்து அவர்கள் கற்கத்தக்கவை பல. ஐயமின்றிக் கணக்குக் கூறும் அளவுக்கு ஒரு கலையில் தேர்ச்சி, பெட்டியருகே அமர்ந்தும் கை நீளாத கட்டுப்பாடு, படிப்படியாக உயரும் பொறுமை, தன் கையொப்பத்தில் தன் குடும்பத்தின் பெயரும் அடங்கியிருக்கிறது என்னும் நினைவு ஆகியவை என்றும் மதிப்பிழக்காதவை. அவன் கற்கத் தவறியதையும் அவர்கள் கற்றல் வேண்டும். தன்னை அமர்த்தியவர் முன் மட்டும் நல்லவனாக இருப்பது எளிது. தன் கணக்கில் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டவன் தன்னை எவ்வாறு அழைக்கிறான் என்பதையும் கேட்டறிந்த பின்னரே ஒருவன் தன் பெயரை நற்பெயர் என்று நம்பலாம்.

துன் சம்பந்தன் 1979 மே திங்களில் மறைந்தார். சுங்கை சிப்புட்டின் மகாத்மா காந்தி கலாசாலையில் இன்றும் பிள்ளைகள் கூட்டலும் பெருக்கலும் கற்கின்றனர். எண்சுவடி போய் அச்சிட்ட கணிதநூல் வந்துவிட்டது. மாவும் காணியும் முந்திரியும் அப்பிள்ளைகளுக்குத் தெரியாது; தெரியவேண்டிய தேவையும் இல்லை. கணக்கு முடிந்ததும் விடையை மற்றவர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கத்தை ஆசிரியர் அவர்களுக்குக் கொடுத்துவிட்டால், பேராக்கின் பழைய பேரேடுகள் விட்டுச் சென்ற நிலுவையில் ஒரு பகுதியேனும் தீர்ந்ததாகும்.